பதிலுக்கு வந்தவள்

வேலை உத்தரவை அப்பா சத்தம் போட்டு வாசித்தார். ‘தற்காலிகமாக’ என்ற சொல் வந்தபோது மட்டும் அவருக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்துத் தண்ணீர் குடித்து, அதற்கு அடுத்த சொல்லிலிருந்து தொடர்ந்தார். ஆகவே வீட்டில் இருந்தவர்களுக்கும், வாசலில் செருப்பைக் கழற்றும் சாக்கில் காதை உள்ளே நீட்டியிருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும், மகள் ஆறே மாதத்துக்குத்தான் போகிறாள் என்பது தெரியாமலே போயிற்று.

மகளுக்குத் தெரியும். நாட்டின் மறு கோடியில் லிப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. அதன் புகார் பிரிவில் போன் எடுக்கும் அம்மாள் பிரசவ விடுப்பில் போகிறார். அவர் திரும்பி வரும்வரை அந்த நாற்காலி சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான் வேலை. பட்டம் வாங்கி ஒரு வருஷமாக, “அப்புறம், என்ன பண்ணிட்டிருக்கே?” என்ற கேள்விக்கு விதவிதமாகச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்துப் போயிருந்தவள், கிடைத்ததே போதும் என்று பிடித்துக்கொண்டாள்.

அப்பாவுக்குப் போதவில்லை. “லிப்ட் கம்பெனியில பெரிய பொறுப்பு” என்று தெருமுனையில் ஆரம்பித்தார்.

“டிசைன் பண்றாளா?” என்று யாரோ கேட்டார்கள்.

“அந்த ஊர்ல மேலே போனவன் கீழே வரணும்னா இவகிட்டதான் கேக்கணும், தெரியுமா?” என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் பொய்யே இல்லை.

அம்மா தன் பங்குக்கு, “போற இடத்துல வெந்து செத்துடுவே” என்று ஒரு மேசை விசிறியைப் போர்வையில் சுற்றிக் கொடுத்தாள். அம்மாவுக்கு உலகம் முழுக்க ஒரே வெயில்தான். ரயில் போய்ச் சேர்ந்த ஊரில் ஸ்டேஷன் நாய்கூட ஒடுங்கிச் சுருண்டு கிடந்தது. ஸ்வெட்டரும் மப்ளருமாக நின்றவர்களின் நடுவே, விசிறியைக் குழந்தைபோல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு நம் பெரிய பொறுப்பு இறங்கியது. போர்வையை மட்டும் அன்றைக்கே உபயோகப்படுத்திக்கொண்டாள்.

அறை ஏற்கெனவே பேசி முடித்தது. விளம்பரத்தில் ‘காற்றோட்டமான விருந்தினர் அறை’ என்று இருந்தது. விருந்தினர் வந்தால் உடனே கிளம்பிவிட வேண்டும் என்ற நோக்கத்தில் கட்டியதாக இருக்கலாம். முன்பு அது பழைய பாத்திரமும் தட்டுமுட்டுச் சாமானும் போடும் உள்ளறை. ஒரு கட்டில் போட்டதும் அறை தீர்ந்துவிட்டது. கதவு பாதி திறந்ததும் கட்டிலில் இடித்து நின்றுவிடும். மீதிப் பாதியை உடம்பை ஒருக்களித்துச் சமாளிக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சம்பளத்தில் பாதியை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்த வீட்டுக்காரர் தங்கமான மனிதர்.

“நாம எல்லாரும் ஒரே குடும்பம்மா” என்பார். அதைச் சொன்னால் அடுத்து ஏதோ கிடையாது என்று அர்த்தம். வெந்நீர் ஸ்விட்ச் அவருடைய படுக்கையறையில் இருந்தது. “ஒரே குடும்பம்மா, காலைல ஒருவாட்டிதான் போடுவேன்.” சமையலறைக்கும் அதே குடும்பம்தான்: “முட்டை அவிக்கலாம், பொரிக்கக் கூடாது.”

எதிர் அறையில் ஒரு நர்ஸ் அக்கா இருந்தாள். அவள் அறைக்கு நிஜமான ஜன்னல் உண்டு. அதன் வழியே மரம், வானம் இரண்டுமே தெரியும். குடும்பத்தில் மூத்த வாடகைக்காரி.

ஆபீஸில் மேனேஜர் அவளைக் கைகுலுக்கி வரவேற்று நாற்காலியைக் காட்டினார். “உயரத்தை மட்டும் மாத்திடாதீங்க. அவங்க வந்தா கஷ்டப்படுவாங்க.” விடுப்பில் போனவர் நல்ல உயரம். இவள் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. மேசை மேல் அவருடைய கல்யாணப் போட்டோ. இழுப்பறை பூட்டியிருந்தது, சாவி அவரோடு போயிருந்தது. இவளுடைய சாமான்கள் காலடியில் ஒரு பையில் கிடந்தன. யாரும் பெயர் கேட்கவில்லை. “பதிலுக்கு வந்த பொண்ணு” என்றார்கள். ஒரு வாரத்தில் அது தேய்ந்து “பதில்” ஆகிவிட்டது. “ஏ பதில், போன் அடிக்குது பாரு!”

போன் அடித்துக்கொண்டேதான் இருந்தது. இந்தக் கம்பெனி பராமரித்த லிப்ட்டுகளுக்கு இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்று யோசிக்கும் சுபாவம் இருந்தது. ஆனால் ‘மாட்டிக்கொண்டார்’ என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. ‘பயணம் சற்றே தாமதப்பட்டிருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். மேனேஜரே யோசித்து எழுதிய வாசகம்.

“ஹலோ, லிப்ட்ல மாட்டிக்கிட்டேன்!”

“உங்கள் பயணம் சற்றே தாமதப்பட்டிருக்கிறது.”

“எந்தப் பயணம்? குப்பை கொட்டப் போறேன்டி! ஆளை அனுப்பு!”

ஆளை அனுப்புவாள். மெக்கானிக் வரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருப்பாள். அதில் அவள் கெட்டிக்காரியாகிவிட்டாள். பயந்து அழுத ஒரு பெரியவரை, மருமகளைப் பற்றி விசாரித்தே தெம்பாக்கிவிட்டாள். கதவு திறந்த பிறகும் அவர் வெளியே வராமல் பேசிக்கொண்டிருந்ததாக மெக்கானிக் வந்து புலம்பினான்.

வீட்டுக்குத் தினமும் பேசுவாள். “ரூம் எப்படி?” என்றாள் அம்மா. “நல்லாருக்கு.” “பால்கனி இருக்கா?” துணி காயப்போடும் மொட்டைமாடிப் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. “இருக்கும்மா” என்றுவிட்டாள். ஒரு சொல்தான். அப்பா கைக்குப் போனதும் அது வளர ஆரம்பித்தது. கம்பெனியே கொடுத்த வீடு, இரண்டு பால்கனி, கீழே தோட்டம். தன் வீட்டைப் பற்றிய விவரங்களை அவள் அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வந்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் பெரியம்மா போன் செய்தாள்.

பெரியம்மா அம்மாவின் அக்கா. சொந்தத்தில் யார் வீட்டில் என்ன சாமான், என்ன விலை, கடனா ரொக்கமா என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரே மகன் வெளிநாட்டில். அவன் வீட்டு ஹாலைப் பற்றி இரண்டு வருஷமாக எல்லாரும் அவள் சொல்லிக் கேட்டுக் கேட்டு, கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த ஹாலில் தடுக்காமல் நடந்துவிடுவார்கள்.

“அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வரேன்டி. ரெண்டு நாள் உன்கூடத் தங்கறேன். அந்தத் தோட்டத்தையும்தான் பாப்போமே” என்றாள் பெரியம்மா. போனை வைத்த பிறகும் அந்த ‘தான்’ இவள் காதிலேயே நின்றது.

இவள் நேரே எதிர் அறைக்குப் போய்க் கட்டிலில் தொப்பென்று விழுந்தாள். நர்ஸ் அக்கா கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“எனக்கு ரெண்டு நாளும் நைட் டியூட்டிதான். என் ரூம்ல இருந்துக்கோ, பகல்ல நான் உன் பொந்துல தூங்கறேன். ஆனா ஒரு மாசம் பாத்ரூம் நீதான் கழுவணும்.”

“ரெண்டு மாசம் கழுவறேன்க்கா.”

பெரியம்மா வந்தாள். மாடிப்படியை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டே ஏறினாள். நர்ஸ் அக்காவின் அறை பளிச்சென்று இருந்தது. பெரியம்மா ஜன்னலை எட்டிப் பார்த்தாள், மெத்தையை அமுக்கிப் பார்த்தாள், அலமாரியை விரலால் தடவி விரலைப் பார்த்தாள். ஜன்னலில் தெரிந்த மரத்தைத் தோட்டம் என்றும், பால்கனியில் வெள்ளையடிப்பதால் பூட்டியிருக்கிறது என்றும் இவள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். குறை ஒன்றும் அகப்படாததில் பெரியம்மாவின் முகம் கொஞ்சம் வாடியது. “பரவாயில்லையே” என்றாள். எல்லாம் அமோகமாகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வரும்வரை.

உபசாரத்துக்கு என்று அன்றைக்குப் பார்த்துச் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்து நின்றார். “வாங்கம்மா! ஏன் அந்த ரூம்ல உக்காந்திருக்கீங்க? அது நர்ஸம்மா ரூம். உங்க பொண்ணு ரூம் இதோ இருக்கு. சொந்தப் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன், சந்தேகம்னா நீங்களே பாருங்க” என்று எதிர்க் கதவைத் திறந்தார். அது பாதியில் இடித்து நின்றது. உள்ளே நர்ஸ் அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

இவள் முகத்தில் ஈயாடவில்லை. நர்ஸ் அக்கா கண்ணைத் திறந்தாள், நிலைமையைப் பார்த்தாள், தலையணையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுக்காரர், “நாம எல்லாம் ஒரே குடும்பம்மா. விருந்தாளி தங்கினா மட்டும் தனியா கொஞ்சம் போட்டுக் குடுத்துடணும்” என்று பெருமையோடு சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பெரியம்மா ஒருக்களித்து உள்ளே நுழைந்தாள். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு காலையும் மேலே தூக்கி மடக்கிக்கொண்டு, ஒரு கையால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். இந்த வித்தை பிடிபட இவளுக்கு இரண்டு வாரமும் முழங்காலில் ஒரு வீக்கமும் ஆயின. பெரியம்மா முதல் தடவையிலேயே செய்துவிட்டாள்.

வெளியே நின்ற இவள் கதவைத் தட்டி உள்ளே போய் அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். திட்டு ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

“இது அதைவிடப் பெருசு” என்றாள் பெரியம்மா, சுவரைப் பார்த்தபடி.

“எதைவிட?”

பெரியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வாய் தவறியது தவறியதுதான்.

“பெரியம்மா, போன வருஷம் அண்ணன்கிட்ட ஒரு மாசம் இருந்துட்டு வந்தீங்களே. அங்கேயா?”

“கட்டில்கூட இல்லடி” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “மடக்குப் பெட்டு. அதுவும் அவனும் இன்னொருத்தனும் முறை வச்சுத் தூங்கறாங்க. நான் போயிருந்தப்ப அவன் வேலை பாக்கற கடையிலயே படுத்துக்கிட்டு எனக்கு விட்டுக் குடுத்தான்.”

“அப்ப அந்த ஹால்?”

“ஹால் இருக்கே. நான் பொய் சொல்லல. நல்ல பெரிய ஹால். ஏழு பேர் படுக்கறாங்க.”

இவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், தோள் குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது. பெரியம்மா முறைத்தாள். பிறகு அவளும் சிரித்தாள். சிரிப்பு நடுவில் எங்கேயோ தடம் மாறி, முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரொம்ப இளைச்சுட்டான்டி” என்றாள். இவள் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காமல் இருக்கவும் அந்த அறையில் இடமில்லை.

பெரியம்மா சீக்கிரமே தேறினாள். ஊரில் என்ன சொல்வது என்ற காரியம் காத்திருந்தது.

“தோட்டம் தர முடியாது” என்றாள் கறாராக.

“தோட்டம் அப்பா போட்டது பெரியம்மா, நான் கேக்கல. ஒரு பால்கனி போதும்.”

“பால்கனி தரேன். ஆனா அண்ணன் வீட்டோடதைவிடச் சின்னது.”

“அண்ணனுக்கு பால்கனியே இல்லையே!”

“அதுக்காக? அவன் மூத்தவன்.”

ஒரு பால்கனி, ஒரு ஜன்னல், அளவான ஹால் என்று பேசி முடித்தார்கள். பதிலுக்கு, அண்ணனின் ஹாலைப் பற்றி இவள் ஜன்மத்துக்கும் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு இரவும் ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்தார்கள். பெரியம்மாவின் குறட்டைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் யாரோ சுவரைத் தட்டினார்கள்.

பெரியம்மா ஊருக்குப் போய்ச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கொஞ்சம் அதிகமாகவே. அவள் வாயிலிருந்தே புகழ்ச்சி வந்ததும் ஊர் அசந்துபோயிற்று. அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. அதன் பலனாக ஒரு மாதத்துக்குள் மூன்று பேர் போன் செய்து, தங்கள் பெண்ணுக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்தால் இவளுடனேயே தங்க வைக்கலாமா என்று கேட்டார்கள். “வீடுதான் பெருசா இருக்காமே!” கம்பெனி விதி அனுமதிக்காது என்று வருத்தத்தோடு சொன்னாள்.

ஆறு மாதம் முடிந்து விடுப்பில் போன அம்மாள் வந்தார். இழுப்பறையைத் திறந்தார். குழந்தையின் போட்டோவை எல்லாரும் பார்த்தார்கள். இவளையும் பார்த்து, “ஓ, பதிலுக்கு வந்தது நீதானா? உன்கிட்ட பேசணும்னு ஒரு பெரியவர் தினம் போன் பண்றாராமே, லிப்ட் நல்லாத்தான் ஓடுதாம்” என்றார்.

மேனேஜர் இவளைத் தனியே கூப்பிட்டார். “உங்களை விட எங்களுக்கு மனசே இல்ல. இன்னொரு கிளையில ஒருத்தர் கால் ஒடிஞ்சு படுத்திருக்கார். நாலு மாசம். கொஞ்சம் தூரம்தான்.” சுவரில் இருந்த வரைபடத்தில் அவர் காட்டிய இடம், இவள் ஊரும் இந்த ஊரும் இல்லாத இன்னொரு கோடி.

“நாலு மாசத்துக்கு அப்புறம்?”

“அதுக்குள்ள வேற யாருக்காவது ஏதாவது ஆகாமலா போயிடும்?” என்று தைரியம் சொன்னார்.

பழைய பெண்ணாக இருந்தால் சிரித்துவிட்டுத் தலையாட்டியிருப்பாள். இவள் தலையாட்டவில்லை. “போறேன் சார். ஆனா தங்கற இடம் கம்பெனி பாத்துக் குடுக்கணும். இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க” என்றாள். சொல்லிவிட்டு, இதைச் சொன்னது யார் என்று தானே ஒரு நிமிஷம் திகைத்தாள்.

மேனேஜர் அவளை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலிடத்தில் பேச வேண்டும் என்றார், பட்ஜெட் என்றார், கடைசியில் சரி என்றார்.

அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். “உங்க பேரு என்னன்னு சொன்னீங்க?”