தரை தொடாத முழங்கால்

1937-ஆம் வருஷத்து விபூதிப் புதனன்று, சிங்காநல்லூர் மாதா கோவிலில் பூசைக்கு மண்டியிட்ட தேவானந்தம் மேஸ்திரி தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டார். எழுந்தால் கால் தரையில் பாவியது. மண்டியிட்டால் மறுபடி அதே ஒரு சாண். அடுத்த ஞாயிறே ஈரோட்டிலிருந்து ரயிலேறி ஆட்கள் அவரைக் கும்பிட வந்தார்கள். பங்குச் சாமியார் பந்தல் போட்டார்.

தேவானந்தத்துக்கு மட்டும் அது பெருமையாக இல்லை. வருஷா வருஷம் தவக்காலத்தில் கறியும் சுருட்டும் விட்டவர்தான். அந்தப் பசியோடு நூல் மில்லுக்குப் போய் வேலையாட்களுக்கு இரண்டு அடி கூடவே கொடுத்தவரும் அவர்தான். போன ஆடியில், ஓடுகிற மெஷினிலேயே பஞ்சைத் துடைக்கச் சொல்லி அவர் அதட்டியதில் பழனியாத்தாளின் வலக்கையில் மூன்று விரல்கள் போயின. மில் விசாரணையில், அவள் விளையாட்டாகக் கை விட்டாள் என்று வேதபுத்தகத்தைத் தொட்டுச் சொன்னார். அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

"நான் புனிதனில்லீங்க சாமி. மண்ணு என்னை வேண்டாங்குது," என்றார் சாமியாரிடம்.

"சனங்க பக்தியா வர்றாங்க. அதைக் கெடுத்துப்போடாதப்பா."

தேவானந்தம் நேரே பழனியாத்தாள் வீட்டுக்குப் போனார். இடக்கையால் கம்பு இடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"பொய் சொல்லிப்போட்டேன் அம்மணி."

"எனக்குத் தெரியாததுங்களா அது? எங்க சொன்னீங்களோ அங்க போயிச் சொல்லுங்க."

போய்ச் சொன்னதற்கு மில் மேனேஜர், வாயை மூடிக்கொண்டால் வேலையும் நிலைக்கும், புனிதர் பேரும் நிலைக்கும் என்றார். மறுநாள் காலை சங்கு ஊதும்போது தேவானந்தம் மில் கேட்டுக்கு எதிரே மண்டியிட்டு, காற்றில் நின்றபடி, நடந்ததை உரக்கச் சொன்னார். வாட்ச்மேன்கள் நால்வர் இழுத்தும் நட்ட கல்லாக அசையவில்லை. கயிறு கட்டி இரண்டு காளைகளை விட்டு இழுத்தார்கள், கயிறுதான் அறுந்தது. வேலையை விட்டு நீக்கிய தாளை முகத்துக்கு நேரே நீட்டினார்கள்.

"போகட்டுங்க. நாளைக்கும் வாரேன்," என்றார்.

இருபது நாள் வந்தார். இருபத்தொன்றாம் நாள், நூல் சுற்றும் பெண்கள் தங்களில் மூத்தவளான ராமாமணியின் பின்னால் வந்து, உள்ளே போகாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். "பழனியாத்தா வராம நாங்க வரமாட்டமுங்க," என்றாள் ராமாமணி. மில் மூன்று நாள் ஓடவில்லை. நான்காம் நாள் பழனியாத்தாளுக்கு நூல் சுற்றிய கதிர்களை எண்ணும் வேலை கொடுத்துக் கூப்பிட்டார்கள். உள்ளே போகிறவள் அவர் முன்னால் நின்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

"வெயிலாகுதுங்க. எந்திரிச்சுத் தண்ணி குடிங்க," என்றாள்.

அவரை மில்லில் திரும்பச் சேர்க்கவில்லை. கணபதி என்ற ஊரில் பஞ்சு வண்டி ஓட்டினார். உயிர்த்த ஞாயிறன்றும் அவர் முழங்கால் தரையைத் தொடவில்லை. இவ்வளவு செய்தும் இறங்கவில்லையே என்று சாமியார் வருந்தியபோது, "தரைக்காகச் செய்யலீங்க," என்றார். கும்பிட வந்தவர்கள் குறைந்தார்கள், பந்தலைப் பிரித்தார்கள். கோவில் பெருக்கும் கிருபாவதி, செபத்திலிருக்கும் அவரை எழுப்பாமலேயே, முழங்காலுக்கடியில் விளக்குமாற்றை நீட்டிப் பெருக்கிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.