மூன்றாவது ஊர்

கோழிக்குழம்பு ஊற்றிய சோற்றைப் பிசைந்தபடியே சிங்காரவேலு மாமா ஊர்களை எடைபோட்டுக்கொண்டிருந்தார். சிவரஞ்சனிக்குப் படிப்பு முடியும் முன்பே வேலை கிடைத்துவிட்டது. சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் மூன்றில் எங்கே சேர விருப்பம் என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள்.

"பெங்களூர்ல சம்பளம் சட்டுனு ஏறும். ஆனா ஆபீசுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி ஆயுசு ரோட்டுலயே போயிரும். கோயமுத்தூருன்னா வாடகை கம்மி, பொம்பளப் புள்ளைங்க பயமில்லாம இருக்கலாம்."

மூன்றாவது ஊரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பேச்சு அந்த இடத்துக்கு வந்ததும் ரசம் கேட்டார். சிவரஞ்சனியின் அம்மா மருதாயி நிமிர்ந்து பார்க்காமல் ஊற்றினாள்.

அந்த வீட்டில் சென்னை என்ற பெயரை யாரும் சொல்வதில்லை. சிவரஞ்சனியின் அண்ணன் கலையரசன் மூன்று வருடங்களுக்கு முன் முதல் வேலைக்குப் போனது அங்கேதான். வேளச்சேரியில் ஒரு மாடியறையில் இன்னும் இரண்டு பையன்களோடு தங்கியிருந்தான். தீபாவளிக்கு அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். இவனுக்கு லீவு இல்லை. காய்ச்சலடிக்கிறது, மாத்திரை போட்டிருக்கிறேன், சரியாகிவிடும் என்று போனில் சொன்னான். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. ஆலத்தியூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டும் அவன் அப்பா அழகேசன், வண்டியை வேறு ஆளிடம் விட்டுவிட்டுக் கிளம்பிப் போனபோது, பையனை ஆஸ்பத்திரிப் பிணவறையில்தான் காட்டினார்கள். அவன் இருந்த அறையை அவர் பார்க்கவேயில்லை. துணிமணிகளைக்கூட அவனோடு தங்கியிருந்த பையன்கள்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன்பிறகு டிவியில் சென்னையில் மழை என்று சொன்னால் மருதாயி எழுந்துபோய் நிறுத்திவிடுவாள். அரியலூருக்குப் போனால் சென்னை ரயில் நிற்கிற ஸ்டேஷன் பக்கமே திரும்ப மாட்டாள்.

சிவரஞ்சனிக்குப் பிடித்திருந்தது சென்னைதான். கூடப் படித்த தோழிகள் எல்லாரும் அங்கே போகிறார்கள், பெரிய வேலைகள் எல்லாம் அந்த ஆபீஸில்தான் நடக்கின்றன. அதை யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்தாள். ஆசைப்படுவதே அண்ணனுக்குச் செய்யும் துரோகம் போலிருந்தது.

சான்றிதழ்களைச் சரிபார்க்கச் சென்னை ஆபீசுக்கு வரச்சொன்னபோது, தவிர்க்க வழியில்லாமல் அழகேசனும் கூட வந்தார். மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. வெளியே மரத்தடியில் நின்றுகொண்டு செருப்பால் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், "அந்த வூட்ட ஒரு தடவ பாத்துட்டுப் போவமா பாப்பா?" என்றார்.

வீட்டுக்காரம்மா பாக்யலட்சுமி அவர்களை வாடகைக்கு அறை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டாள். சிவரஞ்சனி வாயைத் திறப்பதற்குள் அழகேசன் அவள் கையை அழுத்தினார். மாடியேறிப் போனார்கள். மூன்று பாய் விரித்தால் கதவைத் திறக்க முடியாத அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அழகேசன் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். எந்த மூலையில் தலைவைத்துப் படுத்திருப்பான் என்று தேடுகிறார் என்பது சிவரஞ்சனிக்குப் புரிந்தது.

"காலியாத்தான் கெடக்கு. அப்புறம் சொல்லலன்னு சொல்லக் கூடாது பாருங்க," என்றாள் பாக்யலட்சுமி. "இங்க ஒரு பையன் காய்ச்சல்ல தவறிட்டான். அதுக்கப்புறம் வர்ற பசங்க யாரும் நெலச்சு இருக்க மாட்டேங்கிறாங்க. பகல்ல படுத்தா யாரோ தண்ணி கேக்குற மாதிரி இருக்காம். எனக்கு ஒண்ணும் கேட்டதில்ல."

அழகேசன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"யாராச்சும் குடுத்தாங்களாம்மா?"

"என்னதுங்க?"

"தண்ணி."

பாக்யலட்சுமியின் முகம் மாறியது. அவரையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். கீழே ஓடிப்போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அழகேசன் வாங்கினார், குடிக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே, படுத்திருப்பவனுக்குக் கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேய்ந்த பிறகும் சிவரஞ்சனி நின்றுகொண்டே இருந்தாள். தான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஒரு குரலுக்காகக் காத்திருப்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டில் சொல்லக் கூடாது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டுதான் வந்தார்கள். மறுநாள் காலையில் மருதாயி டீயை நீட்டியதும் அழகேசன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. தண்ணீர் கேட்கும் இடத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

"கொரலு எப்படி இருந்துச்சாம்?"

"அதெல்லாம் கேக்கலடி."

மருதாயி சிவரஞ்சனியிடம் வந்தாள். "நீ மெட்ராசுன்னே எழுதிக் குடுத்துரு. அந்த ரூமையே எடுத்துக்க."

"என்னம்மா பேசுற?"

"புள்ள தனியாக் கெடக்குறான். நீ இருந்தீன்னா கேக்குறப்ப எடுத்துக் குடுப்ப."

"நான் உசுரோட இருக்கேம்மா."

அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. மருதாயி அடிவாங்கியவள் போல நின்றாள். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே சிவரஞ்சனி கோயம்புத்தூர் என்று பதில் அனுப்பினாள். மாமா போன் செய்து, நல்ல முடிவு, ஊருன்னா அதுதான் ஊரு என்றார். முடிவு என்று எதுவும் தான் எடுக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்தச் சின்ன அறையிலிருந்து எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓடுகிறோம். ஓடிப்போய்ச் சேரும் அறையில் ஒரு மதியம் அசந்து படுத்தால், அங்கேயும் கேட்குமா?

மருதாயி அவளோடு பேசாமலே இருந்தாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தானாகவே சொன்னாள்: "நீ கோயமுத்தூருக்கே போ தாயி. உன்னைய அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நானும் அப்பாவும் போயி அவனக் கூட்டியாந்துர்றோம்."

அழகேசன் மறுப்பார் என்று சிவரஞ்சனி எதிர்பார்த்தாள். அவர் லாரி ஆபீசுக்குப் போன் போட்டு லீவு சொன்னார்.

அவர்கள் திரும்பி வரும் நாளில் சிவரஞ்சனியைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். வெயில் இறங்கும் நேரம். சென்னையிலிருந்து திருச்சி போகும் பஸ் உள்ளே வந்து நின்றது. நல்ல கூட்டம், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மூன்று பேர் உட்காரும் சீட்டில் அப்பா இந்த ஓரம், அம்மா நடுவில். ஜன்னலோரம் காலியாக இருந்தது. அத்தனை கூட்டத்திலும் அங்கே யாரும் உட்காரவில்லை, அல்லது மருதாயி உட்கார விடவில்லை.

அழகேசன் முதலில் இறங்கினார். மருதாயி இறங்கியதும் நகர்ந்து போகாமல், படியை ஒட்டி ஓரமாக நின்றுகொண்டு, உள்ளே பார்த்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"செத்த இருங்க தம்பி. இன்னும் ஒரு ஆளு எறங்கணும்."

கண்டக்டர் காலியான படியைப் பார்த்தார். மருதாயியைப் பார்த்தார். விசில் வாயிலேயே இருந்தது, ஊதவில்லை. ஏற வந்தவர்களும் என்னவென்று தெரியாமல் நின்றார்கள். சிவரஞ்சனி தன்னையறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்து வழிவிட்டாள்.