மேடாய் வந்த கோடு

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த அன்று, காசைச் சோதித்துப் பார்க்கிறவள் தொட்ட நாணயங்களில் எல்லாம் தலைப்பக்கத்து முகத்தின் இடக்கன்னத்தில் ஒரு கோடு முளைத்தது. அவள் கன்னத்தில் பிறவியிலிருந்தே இருக்கும் கோடுதான். கண்ணோரம் தொடங்கிக் கடைவாய் வரை, அச்சு அசல் அதே கோடு. பழைய நாணயக் கடையில் அவளுக்கு வேலையே கோடு பார்ப்பதுதான். பூதக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து நகத்தால் வருடுவாள். பள்ளமாக இருந்தால் பிற்பாடு எவனோ கீறியது, மதிப்பு போச்சு. மேடாக இருந்தால் நாணயம் அடிக்கும் அச்சில் விரிசல், காசோடு கூடப் பிறந்தது. அதை வாங்க ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். அவளை வளர்த்த அத்தைக்கு மட்டும் இது மண்டையில் ஏறவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் வந்த வேகத்தில் எழுந்து போனதிலிருந்து ஒரே புலம்பல்.

"ஒரு கீறலால வாழ்க்கையே வீணாப் போகுதுடி. டாக்டர் இழைச்சு சமமாக்கிடறேங்கறார்."

"இது கீறல் இல்ல அத்தை, மேடு. இழைச்சாதான் கீறலாகும். நான் வரமாட்டேன், உங்களால ஆனதைப் பாத்துக்குங்க."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் கொடுத்த சில்லறையில் கோடு, காய்கறிக்காரி தட்டில் கோடு. செல்லாத காசு என்று எல்லோரும் முகம் சுளித்தார்கள். கையுறை போட்டுக்கொள் என்றார் முதலாளி; முடியாது என்றாள். எவளோ ஆணியால் கீறுகிறாள் என்று புகார் போய், நாணயச்சாலை அதிகாரி வந்தார். அவருக்கும் தொழில் தெரியும். தடவிப் பார்த்தார், மேடு. ஆணியால் மேடு எழுப்ப எந்தக் கொம்பனாலும் முடியாது. அச்சுப்பிழை, செல்லும் என்று சொல்லிவிட்டுப் போனார். காசோடு காசு உரசி, மழைக்காலத்துக்குள் ஊர்க் காசு முழுக்கக் கோடு பரவியது. சில வருஷத்தில், வழுவழுவென்று ஒரு காசை நீட்டினால், யாரோ இழைத்துக் கெடுத்தது என்று கடைக்காரர்கள் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அத்தை அறுவை சிகிச்சைக்கென்று டப்பாவில் பூட்டி வைத்திருந்த காசு மட்டும் வழுவழுவென்றே இருந்தது. மளிகைக்காரர் வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட, டப்பாவைத் தூக்கிக்கொண்டு நாணயக் கடைக்கே வந்துவிட்டாள்.

"கொஞ்சம் தொட்டுக் குடுடி."

"முதல்ல நீங்க தொடுங்க," என்று அவள் கன்னத்தைக் காட்டினாள்.

குளிப்பாட்டி, தலைவாரி வளர்த்தவள்தான், ஆனாலும் அந்தக் கோட்டை மட்டும் அத்தை ஒரு நாளும் தொட்டதில்லை. இப்போது நகத்தால் மெல்ல வருடினாள்.

"மேடுதான்டி," என்றாள்.

அவள் டப்பாவுக்குள் கையை விட்டு நன்றாகத் துழாவிக் கொடுத்தாள். அத்தை அந்தக் காசில் அரிசியும் சோப்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.