ஒட்டிய பக்கங்கள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, உயிரியல் ஆசிரியை ஜெனீவா ஸ்டாம்பர் பாடப்புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினாள். நடுவில் ஒரு கொத்துப் பக்கங்கள் பிரியவே இல்லை. நகத்தால் நெம்பினாள். காகிதம் கிழிந்ததே தவிர விடவில்லை. அலமாரியிலிருந்த மற்ற புத்தகங்களிலும் அதே இடத்தில் அதே கதி. பரிணாமப் பாடம் முழுவதையும் யாரோ பசை தடவி மூடியிருந்தார்கள்.

ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் டில்லார்டின் அறைக்குப் போனாள்.

"யாரு செஞ்ச வேலை இது?"

"கத்தாதீங்க டீச்சர். பள்ளி வாரியம் ஒட்டச் சொல்லிச்சு. நானும் என் பொண்டாட்டியும் லீவுல உக்காந்து ஒட்டினோம்."

"நீங்களும் ஒரு காலத்துல கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே. கை கூசலையா?"

டில்லார்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போய் உங்க தங்கச்சியைக் கேளுங்க."

அதுதான் அவளைச் சுட்டது. ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அந்த வாரியத்தின் தலைவி ரோடா அவளுடைய சொந்தத் தங்கை. அமெரிக்காவின் கென்டக்கி மலைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஊரில் இருவரும் ஒரே தேவாலயத்தில், ஒரே பெஞ்சில் உட்காருபவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் கார்களுக்கு நடுவில் வைத்தே ஜெனீவா பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாடி உனக்கு?"

"சொன்னா நீ ஒத்துக்குவியா? குரங்குல இருந்து வந்தோம்னு நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர நான் விடமாட்டேன் அக்கா."

"அந்தப் பாடத்துல அப்படி ஒரு வரி காட்டு. படிச்சியா நீ?"

"சாக்கடையை மோந்து பாத்துத்தான் மூடணுமா?"

"படிக்காமலே ஒட்டிருக்க!"

"தேவனுக்கு முன்னாடி நின்னுட்டு வந்த வாயால கத்தாத."

"நானும் அதே தேவன்கிட்டதான்டி ஜெபம் பண்ணிட்டு வரேன்!"

கார்களில் ஏறப்போனவர்கள் எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரோடா காரில் ஏறி, கதவை அறைந்து சாத்தினாள்.

அடுத்த வாரியக் கூட்டம் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் நடந்தது. ஊரே திரண்டிருந்தது. முன்வரிசையில், சக்கர நாற்காலியில், ரோடாவின் கணவர் கிளீட்டஸ். மரம் அறுக்கும் ஆலையில் பாதத்தில் பட்ட ஒரு வெட்டு சீழ் பிடித்து, எந்த மருந்துக்கும் அடங்காமல், சென்ற குளிர்காலத்தில் காலையே முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்திருந்தார்கள்.

ஜெனீவாவின் முறை வந்தது. எழுதி வைத்துக்கொண்டு பேசத்தான் வந்திருந்தாள். ஆனால் மேடையிலிருந்து ரோடா, "சொல்லுங்க மிசஸ் ஸ்டாம்பர். சுருக்கமா," என்று யாரோ ஓர் அந்நியப் பெண்ணிடம் சொல்வதுபோலச் சொன்னதும், கையிலிருந்த தாளைக் கசக்கினாள்.

"சுருக்கமாவே சொல்றேன். உன் புருஷன் காலைத் தின்னது எதுன்னு தெரியுமா உனக்கு? டாக்டர் மருந்து மேல மருந்து மாத்தினாரே, ஏன் ஒண்ணும் பலிக்கலை? முதல் மருந்துக்கு நோஞ்சான் கிருமி எல்லாம் செத்துச்சு. தாக்குப்பிடிச்சது ஒண்ணு ரெண்டு மிஞ்சி, குட்டி போட்டுப் பெருகிச்சு. அந்தக் குட்டிங்க எல்லாமே தாக்குப்பிடிக்கிற ஜாதி. இதுக்குப் பேருதான் பரிணாமம். நீ பசை போட்டு ஒட்டின பக்கத்துல இருக்கிறது இதுதான்!"

ரோடாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

கிளீட்டஸ்தான் வாய் திறந்தார். "என் காலை விட்டுடுங்கடி ரெண்டு பேரும். அது போயிடுச்சு."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "வெக்கங்கெட்டவ!" என்று கத்தினான். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். ஜெனீவா தன் இடத்துக்குப் போகாமல் நேரே வாசலை நோக்கி நடந்தாள். உள்ளே, ஒட்டிய பக்கங்கள்மீது வாரியம் நடத்திய வாக்கெடுப்பில் பசையே வென்றது.

மறுநாள் காலை வகுப்பில் அவள் புத்தகத்தைத் திறக்கச் சொல்லவில்லை. மூடிய பாடம் மொத்தத்தையும் கரும்பலகையில் எழுதத் தொடங்கினாள். டில்லார்ட் கதவருகே வந்து, "டீச்சர், வேண்டாம்," என்றார். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அந்த வாரமே அவளை உயிரியல் வகுப்பிலிருந்து நீக்கி, மதிய உணவுக்கூடத்தில் மேற்பார்வைக்குப் போட்டார்கள். தட்டு கழுவும் இடத்தில் நின்று பல்லைக் கடித்தாள். பிறகு லெக்ஸிங்டன் நகரத்துக்குப் போய் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, வாரியத்தின்மேல் வழக்குப் போட்டாள்.

வழக்கு விசாரணைக்கே வரவில்லை. மதக் காரணத்துக்காக அரசுப் பள்ளியில் பாடத்தை மறைப்பது சட்டப்படி செல்லாது, நீதிமன்றம் ஏறினால் தோல்வி நிச்சயம் என்று வாரியத்தின் வழக்கறிஞரே சொல்லிவிட்டார். வசந்த காலத்தில் பக்கம் ஒட்டாத புதுப் புத்தகங்கள் வந்தன. ஜெனீவாவுக்கு வகுப்பும் திரும்பக் கிடைத்தது. ரோடா தேவாலயத்தையே மாற்றிக்கொண்டாள்.

ரோடா வீட்டில் இல்லாத ஒரு மத்தியானம் ஜெனீவா அங்கே போனாள். கிளீட்டஸ் கம்பிவலைக் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே பார்த்தார்.

"உங்க காலை அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி பேச்சுல இழுத்திருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நீ சொன்னது நெசம்தான். டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன். ஆனா நெசம்கிறதுக்காக நான் மறந்துடுவேன்னு நினைக்காத."

"ரோடா ஏதாவது சொன்னாளா?"

"உன் பேரை இந்த வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கா."

ஜெனீவாவுக்கு மறுபடியும் ரத்தம் கொதித்தது. "அப்போ அவகிட்ட சொல்லுங்க. உங்ககிட்ட மட்டும்தான் மன்னிப்பு கேட்டேன்னு. அவகிட்ட இல்ல."

விடுவிடுவென்று படியிறங்கி, காரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.