குனிந்து பார்த்த காமிரா

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், நடுவில் தூக்கம் வந்தால் தூங்கியும் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். காமிராவுக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கின கதையைச் சொல்லப் போகிறேன். ஸ்டாண்டு வாங்குவதில் என்ன கதை இருக்கிறது என்று கேட்காதீர்கள். இருக்கிறது. கேட்டு முடிக்கும்போது மனசு கொஞ்சம் கனக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம். முதலியார்பேட்டையில் கலியமூர்த்தி என்று ஒரு போட்டோக்காரர் இருந்தார். ஸ்டூடியோ கிடையாது. சாவு வீடுதான் அவருக்கு ஸ்டூடியோ. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் ஒருத்தர் கண்ணை மூடினால், குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, சாயாமல் இருக்க வேட்டித் துண்டால் மார்போடு சேர்த்துக் கட்டுவார்கள். சுற்றிலும் பிள்ளை குட்டிகள் நிற்க ஒரு படம் எடுப்பார்கள். பலபேருக்கு அதுதான் முதல் படம், அதுதான் கடைசி. மூலக்குளமோ சேதராப்பட்டோ, எங்கிருந்து ஆள் வந்தாலும் கலியமூர்த்தி கிளம்பிவிடுவார். இரட்டைக் கண் காமிரா கழுத்தில், தேக்கில் செய்த முக்காலி ஸ்டாண்டு தோளில். அந்தக் கட்டை அழுத்தி அழுத்தி வலது தோள் காய்த்துப் போயிருந்தது.

ஊருக்கெல்லாம் படம் எடுத்தவரிடம் அவர் பெண்டாட்டி மணியம்மாளின் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணத்தின்போது வசதி இல்லை. அப்புறம் வசதி வந்தும் எடுக்கவில்லை. சாவு வீட்டுக்குப் போன காமிராவின் எதிரில் உயிரோடு உட்கார்ந்தால் ஆயுசு குறையும் என்று தெருவே நம்பியது. கலியமூர்த்தியும் நம்பினார். பிள்ளை இல்லாத வீடு. இருந்த ஒரே உயிரை வைத்து அவர் விளையாடுவாரா?

அந்த வருஷம் மணியம்மாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் உதடு நீலம் பூக்கும். நெஞ்சுக்குள் வால்வு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். கலியமூர்த்தியைத் தனியே கூப்பிட்டு மீதியையும் சொன்னார். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அவளாக ஆரம்பித்தாள்.

"மாமா, இனிமே கொறையறதுக்கு எனக்கு இன்னா ஆயுசு இருக்குது? ஒரு படம் எடு. நீயும் பக்கத்துல நிக்கணும்."

"பேசாம இரு."

"செத்தப்பறம் என்ன நாற்காலில வச்சிக் கட்டிப் புடிச்சிடாத. மூட்ட கணக்கா இருக்கும். உசுரோட ஒண்ணு எடுத்து வச்சிக்க. கன்னியாகுமரில எடுக்கணும்."

"ஏன், நம்மூர்ல கடல் இல்லியா?"

"அது தெனம் பாக்கற கடலு. அதுக்கு நம்ம மூஞ்சி சலிச்சிப் போச்சி."

தெற்கே கோயில் கோயிலாகச் சுற்றிக் காட்டும் டூர் பஸ் ஒன்றைக் கோவிந்தசாமி என்பவர் நடத்திவந்தார். கலியமூர்த்தி போய் இரண்டு சீட்டு கேட்டார்.

"நீ வா, தங்கச்சி வரட்டும், சந்தோசம்," என்றார் கோவிந்தசாமி. "உன் தோள்ல தொங்கற அந்தப் பாடக்கட்ட ஸ்டாண்டு மட்டும் வண்டில ஏறக்கூடாது. ஏறிச்சின்னா பாதி சனம் எறங்கிப் போயிடும்."

"காமிரா?"

"அது பைக்குள்ள இருந்தா யாருக்குத் தெரியும்? கட்டையத்தான் ஊருக்கே தெரியுமே."

காமிராவின் தீட்டைக் கழிக்க மணியம்மாள் மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள். "லென்சுல மஞ்ச தண்ணியா!" என்று கலியமூர்த்தி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை ஏறின. கடைசியில் பைக்கு மட்டும் விபூதி வைத்தாள்.

அப்புறம்தான் ஸ்டாண்டு தேடல். நேரு வீதிக் கடையில் இரும்பு ஸ்டாண்டு ஒன்று இருந்தது. கைப்பிடி போட்ட நல்ல தலை; எப்படித் திருப்பி வைத்தாலும் வைத்த இடத்தில் நிற்கும். ஆனால் கலியமூர்த்திக்கு வேறொரு கணக்கு இருந்தது. வழியில் ஒரு கை அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒரு கையில் காமிரா. ஸ்டாண்டை அவள் தூக்கும்படி இருக்க வேண்டும். மணியம்மாள் அந்த இரும்பைத் தூக்கிப் பார்த்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் கடைக்காரரின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைக்காரர் சொல்லித்தான் துய்மா வீதி லுயீஸ் வீட்டுக்குப் போனார்கள். லுயீஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷனில் வந்தவர். பிரான்சிலிருந்து கொண்டுவந்த அலுமினிய ஸ்டாண்டைச் சும்மா கொடுக்கிற மாதிரி கொடுக்கத் தயாராக இருந்தார்.

"வொலா! கொட கணக்கா மடிஞ்சிடும் பாரு. தூக்கிப் பாருங்க மதாம்."

மணியம்மாள் அதை வயர் கூடைக்குள் செருகிக் கையில் மாட்டிக்கொண்டு முற்றத்தில் ஒரு நடை போய்வந்தாள். "மொளக்கீர கட்டு கூட இத விட கனம்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு கலியமூர்த்திக்கு வேறு ஸ்டாண்டு உலகத்திலேயே இல்லை.

லுயீஸ் நேர்மையான மனுஷர். "ஒண்ணு சொல்லிடறேன் கலியமூர்த்தி. காலு நல்ல காலு. தலதான் நோஞ்சான்." ஸ்டாண்டின் உச்சியில், காமிரா உட்காரும் இடத்தில், கோலி அளவுக்கு ஒரு குண்டும் அதை இறுக்க ஒரு குட்டித் திருகும் இருந்தன. "என் காமிரா சின்னது, தாங்கிச்சி. உன்னுது கனம். நேரா வச்சா நிக்கும். குனிய வச்சா கொஞ்சம் கொஞ்சமா வழியும். மெட்ராசுல வேற தல கெடைக்கும், வாங்கி மாட்டிக்க."

"என் காமிரா எங்க முசியே குனியப் போவுது?" என்றார் கலியமூர்த்தி. "எதுக்க உக்காந்திருக்கறவங்க எழுந்தா ஓடப் போறாங்க?"

சிரித்துக்கொண்டே காமிராவை மாட்டி, நேராக வைத்து, ஒரு காபி குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். இம்மி அசையவில்லை. அவர் தொழிலில் அதற்குமேல் சோதிக்க ஒன்றுமில்லை. நாற்காலியில் கட்டினவருக்கு நேர் எதிரில், நெஞ்சு உயரத்தில், மட்டமாக வைத்து எடுப்பார். காமிராவைக் குனியவைத்து அவர் எடுத்ததே இல்லை.

கன்னியாகுமரியில் விடிகிற நேரம். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மணியம்மாள் படித்துறையில் இறங்கி, கடைசிக்கு முந்தின படியில் பக்கவாட்டில் திரும்பி, படியோடு காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் அவள் காலை நனைத்துவிட்டுப் போனது. "இங்கதான் மாமா. இன்னொருதரம் ஏறி எறங்க என்னால முடியாது."

மேல்படியில்தான் ஸ்டாண்டை நிறுத்த இடம் இருந்தது. காமிரா அவளைப் பார்க்கவேண்டுமென்றால் நன்றாகக் குனிய வேண்டும். வெளிச்சம் குறைவு, கையில் பிடித்து எடுத்தால் ஆடிவிடும். காற்று பலமாக இருந்ததால், கூடையில் கூஜாவும் கல்லும் போட்டு நடுத்தண்டில் தொங்கவிட்டார். கால் மூன்றும் ஆணி அடித்தது போல நின்றன. தலையின் திருகை விரல் வலிக்க முறுக்கினார். காமிராவின் மேல்பக்கக் கண்ணாடியில் இரண்டு பேருக்கும் இடம் பார்த்துவிட்டு, தானாக எடுத்துக்கொள்ளும் விசையைத் தட்டிவிட்டு, படியிறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றார்.

விசை விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க பாரு, என்ன ஏன் பாக்கற," என்றாள் அவள்.

அவர் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலம். காமிரா 'க்ளிக்' என்றபோது அவள் அவர் தொடையில் சாய்ந்தாள். ஆசையாகச் சாய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். அப்புறம்தான் கை தொங்குவது தெரிந்தது.

நாலுபேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்டாண்டையும் காமிராவையும் கோவிந்தசாமிதான் மடித்து எடுத்துவந்தார். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, அங்கிருந்து வாடகை வேனில் படுக்கவைத்தபடியே ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான்: "படம் விழுந்திருக்குமில்ல?"

"விழுந்திருக்கும்."

வீட்டுச் சமையலறையில் இருட்டில் ஃபிலிமைக் கழுவி, சிவப்பு பல்பு போட்டுத் தாளில் போட்டார். மருந்துத் தண்ணீரில் படம் மெல்ல எழும்பி வந்தது. ஈரப்படி. நுரை. நாலு பாதங்கள். இரண்டு நிற்கிற பாதம், இரண்டு உட்கார்ந்த பாதம். முழங்காலுக்கு மேலே ஒன்றுமில்லை. விசை ஓடின அந்தச் சின்ன நேரத்துக்குள் குண்டு வழிந்து, காமிரா மெல்ல மெல்லத் தலையைத் தொங்கப்போட்டிருக்கிறது.

மறைத்துவிடலாமா என்று நின்றார். கட்டிலிலிருந்து குரல் வந்தது: "கொண்டா மாமா, நல்லா இல்லாட்டியும் கொண்டா."

பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "பித்தவெடிப்பு கூட பளிச்சினு விழுந்திருக்குது," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது.

"இப்பவே இன்னொண்ணு எடுத்துடறேன், மணி."

"இப்ப வாணாம். மூஞ்சி வீங்கிக் கெடக்குது. வடியட்டும்."

வடியவில்லை. ஐப்பசி மழையில் ஒரு காலைப்பொழுதில் அவள் போய்விட்டாள். போன பிறகு, பாருங்கள் கண்ணுகளா, வீக்கம் வடிந்து முகம் பழையபடி ஆகிவிட்டது.

அவள் அண்ணன் பக்கிரி நாற்காலியை எடுத்துப்போட்டார். கையில் வேட்டித் துண்டு.

"மச்சான், காமிராவ எடு."

"கட்ட வாணாம் பக்கிரி. அவ சொல்லிட்டுப் போயிருக்கா."

"ஊரு பொணத்தையெல்லாம் புடிச்ச, உன் பொண்டாட்டிக்கு மட்டும் நோவுதா? கட்டாட்டிப் போவுது. படுத்தாப்லயே ஒண்ணு எடு. நாளைக்கி எதுக்கய்யா மால போடுவ? அந்தக் காலு படத்துக்கா?"

பக்கிரிக்காக இல்லை, தனக்காகவே கலியமூர்த்தி காமிராவை எடுத்தார். சுவரில் சாய்ந்து கிடந்த லேசு ஸ்டாண்டை விரித்து, தலையை உயர்த்தி அவளைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்கு நேராக வைத்தார். நேராக வைத்ததால் தலை கல்லாக நின்றது. உள்ளே ஃபிலிம் இருந்தது. காமிராவின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். அந்த வகைக் காமிராவின் கண்ணாடியில் இடம் வலமாக, வலம் இடமாகத் தெரியும். அதில் அவள் முகம், உள்ளங்கை அகலத்துக்கு, ஊசி மாதிரி தெளிவாக. விரல் விசையின்மேல் இருந்தது. சுற்றி நின்றவர்கள் அவர் அளவு பார்க்கிறார் என்று நினைத்தார்கள். அவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விசையைத் தட்டாமலே மூடியை மூடினார்.

"தூக்குங்க," என்றார்.

அதற்குப் பிறகும் அவர் சாவு வீடுகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார், பழைய தேக்குக் கட்டையோடு. பக்கிரியும் காலமானார். எண்பத்தாறில், போர்டு எழுதும் வடிவேல் ஒருநாள் வீட்டுக்கு வந்து, பாதங்களின் படத்துக்கு மாலை தொங்குவதைப் பார்த்து மனசு கேட்காமல் சொன்னார்: "அண்ணே, நீங்க வாயால சொல்லுங்க. நான் அண்ணிய அப்பிடியே வரஞ்சித் தரேன்."

கலியமூர்த்தி சொன்னார். நெற்றி, மூக்கு, காது. வடிவேலின் பென்சில் ஓடியது. "மூக்குத்திக்குக் கீழ, ஒதட்டோரம் ஒரு மச்சம்," என்றார்.

"எந்தப் பக்கம்ணே? மூக்குத்தி எந்தப் பக்கம்?"

கலியமூர்த்தி வாயைத் திறந்தார். கண்ணை மூடினால் அவருக்குத் தெரிந்தது அந்தக் கண்ணாடியில் பார்த்த முகம். அது இடவலம் மாறின முகம். அதை மறுபடி மாற்றிப் பார்த்தார். மாற்றினதும் அது யாரோ மாதிரி இருந்தது. திரும்ப மாற்றினார். இரண்டும் அவளாக இல்லை.

"அண்ணே?"

"மடிச்சி வச்சிடு வடிவேலு," என்றார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாருடைய முகமும் யாருக்கும் மறக்காமல் இருக்கட்டும். கேட்டவர்கள் கேட்ட படத்தைக் கேட்ட அன்றைக்கே எடுக்கிற கை உங்கள் வீட்டுக்கு வாய்க்கட்டும். நெஞ்சில் நோவில்லாமல், உதட்டில் சிரிப்போடு, உங்கள் வாசலில் எல்லாரும் நூறு வருஷம் சேர்ந்து நிற்கட்டும்.