வளைவில் எட்டு வீடுகள்

பஸ் மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது நான் அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஒரு டவுன் பஸ்ஸைப் பார்த்தா அழுவார்கள்? மூன்று வருடம் ஒரு பஸ்ஸுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிப் பாருங்கள், தெரியும். முன் கண்ணாடியில் நம்பர்கூடக் கிடையாது. ‘சோதனை ஓட்டம்’ என்று ஓர் அட்டையைச் செருகியிருந்தார்கள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. தெருமுனையில் நின்றவர்கள் டிரைவரைக் கெஞ்சி, தையல்காரக்காவின் வீட்டுக்காரரை முதல் பயணியாக ஏற்றி முன் சீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிற மனிதர் அவர். பஸ் பிடிக்க மெயின் ரோட்டு ஸ்டாப்வரை ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். போகும்போது மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பார், வரும்போது வழியில் நாலு இடத்தில் உட்காருவார். இன்று கண்ணாடிக்குப் பின்னால் முதுகை நிமிர்த்திக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வந்தார். அக்கா தன் வாசலில் நின்று கைதட்டினாள்.

“பாருடி, மனுஷன் பந்தாவை! எனக்கு ஒரு டாட்டா காட்டுறாரா பாரு!”

தெருவே சிரித்தது.

எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை, இரண்டு மேசை, நடுவில் ஒரு ஃபேன். ஒன்று வீட்டு மேசை. காலி செய் என்று நோட்டீஸ் வந்தவர்கள், ‘உங்க ஆளுங்களுக்கு வாடகைக்கு விடுறதில்ல’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் அங்கே வருவார்கள். அதில் அண்ணன் உட்கார்ந்திருப்பார். சொந்த அண்ணன் இல்லை, பதினாறு வருடமாக அந்த நாற்காலியைத் தேய்த்ததில் எல்லாருக்கும் அண்ணன். இன்னொன்று பஸ் மேசை, அது நான். வீடும் பஸ்ஸும் ஒரே போராட்டம்தான் என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்திருக்கிறோம். ஆனால் அவர் ஃபைலை நான் புரட்டியதில்லை, என் ஃபைலை அவர் கேட்டதில்லை. எங்களுக்குள் இருந்த ஒரே தகராறு ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதான்.

அண்ணன் போகிற தெருவிலெல்லாம் ஒரே பாடம்தான் நடத்துவார். “டேப்போட யார் வந்தாலும் கதவைத் திறக்காதீங்க. வீடு எத்தனை அடின்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க, ஆனா சொல்லாதீங்க.” இந்தத் தெருவும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் மேப்பில் இந்தத் தெரு இருந்த இடத்தில் வெறும் வெள்ளைதான். தண்ணீர்க் குழாய்க்கு என்று வந்தவர்களுக்குக்கூட ஒரு வாசல் திறக்கவில்லையாம். எனக்கு எல்லா வாசலும் திறந்தது. நான்தான் நம்ம பொண்ணாயிற்றே.

என் மேசைக்கும் ஒரு பாடம் உண்டு. மனு கொடுப்பதற்கு முன்பே, அவர்கள் என்ன சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பார்கள் என்று யோசித்து, பதிலை நாமே எழுதி வைத்துவிட வேண்டும். இரண்டு முறை மனு திரும்பி வந்திருந்தது. முதல் முறை, அப்படி ஒரு தெருவே ரெக்கார்டில் இல்லை என்றார்கள். இரண்டாவது முறை, வளைவில் பஸ் திரும்பாது என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்! தெருவை முனையிலிருந்து கடைசிவரை அளந்தேன். வளைவிலிருக்கும் எட்டு வீடுகளை மட்டும் தனித்தனியாக அளந்தேன். படி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, கூரைக் கால் எங்கே நிற்கிறது, முன் சுவர் எங்கே, பக்கச் சுவர் எத்தனை அடி உள்ளே போகிறது, எல்லாம். டேப்பின் மறுமுனையை அக்காதான் பிடித்துக்கொண்டாள். பாதி நாள் தையல் வேலையைப் போட்டுவிட்டு வந்து பிடித்தாள். “படியை நானே உடைச்சுத் தர்றேன், எழுதிக்கோ. இவருக்கு வாசல்லயே பஸ் வந்து நின்னா நான் ஏணி வச்சுக்கூட வீட்டுக்குள்ள ஏறுவேன்” என்றாள். படிகளை எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று எட்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாளை அழகாக, கட்டம் போட்டு, என் கையாலேயே எழுதினேன். நாலு நாள் ஆனது. அத்தனை நாளும் அண்ணன் எனக்கு ஆறடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

பஸ் வளைவுக்கு வந்து நின்றது. டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தார், பின்னால் போனார், மறுபடி ஒடித்தார். பஸ்ஸின் மூக்கு அக்காவின் படிக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றுவிட்டது. பின் கதவு வழியாக ரோடு டிபார்ட்மெண்ட் சர்வேயர் இறங்கினார். கூடவே ஒருவர், கையில் சிவப்பு பெயின்ட் டப்பா.

“படிக்குத்தான் குறி போட வர்றாங்க, போடட்டும் போடட்டும்” என்று அக்கா படியிலிருந்த செருப்புகளை ஒதுக்கினாள். டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டாள்.

அவர்கள் படியைத் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குள் போனார்கள். சர்வேயர் கையிலிருந்த தாளைப் பார்த்துப் பார்த்துச் சுவரோரமாக அடி எண்ணிக்கொண்டே போனார். ஜன்னலைத் தாண்டினார், அப்புறமும் போனார். பத்தடி உள்ளே போய், “இங்க” என்றார். பெயின்ட்காரர் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். எனக்கு ஒரு நிமிடம் எதுவும் விளங்கவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது முன் அறை. அக்காவின் தையல் மெஷின், அவள் வீட்டுக்காரரின் கட்டில், எல்லாம் அதில்தான். அந்தப் பக்கம் மிஞ்சுவது அடுப்பும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்.

ஓடிப்போய் அந்தத் தாளைப் பார்த்தேன். என் கட்டம், என் கையெழுத்து.

“சார், இது படிக்கட்டுக்கு மட்டும் சார். படிக்கட்டுன்னு எழுதியிருக்கேன் பாருங்க.”

“எழுதியிருக்கீங்கம்மா, நான் இல்லேங்கல” என்றார். நல்ல மனிதர், குரலில் ஒரு கடுமையும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “படி மட்டும் போதாதுன்னு இன்ஜினியர் வரைஞ்சு பாத்துட்டார். இது நீளமான பஸ். முன் ரூம் வரைக்கும் எடுத்தாத்தான் திரும்பும். எட்டு வீடும் அப்படித்தான்.”

“வீட்டை எப்படி சார் எடுப்பீங்க?”

“முன்னாடின்னா முடிஞ்சிருக்காது. எங்ககிட்ட இந்தத் தெருவே கிடையாதே! எந்த வீடு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு ஒரு துண்டுச் சீட்டு இல்ல. இப்பத்தான் உங்க புண்ணியத்துல ஒண்ணு விடாம இருக்கு. படியை எடுத்துக்கச் சம்மதம்னா, ரோட்டு இடத்துல கட்டியிருக்கோம்னு அவங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரிதான். பதினஞ்சு நாள் நோட்டீஸ் வரும்.” தாளை மடிக்கப் போனவர் நிறுத்தி, “ஒண்ணு சொல்லணும்மா. இவ்வளவு சுத்தமா அளவெடுத்து எழுதினதை எங்க ஆபீஸ்லயே நான் பாத்ததில்ல” என்றார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். சொன்னதைக் கேட்டுவிட்டு, “அளவு எங்கேர்ந்து போச்சு?” என்றார்.

“என்கிட்டேர்ந்துதான்ணா.”

அந்தப் பக்கம் அவர் ஃபேனை நிறுத்துகிற சத்தம் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“கையெழுத்தும் வாங்கினியா?”

“வாங்கினேன்.”

“எட்டு வீடுமா?”

“எட்டும்தான்.”

“இனிமே யாரும் எதுலயும் கையெழுத்துப் போட வேணாம்னு சொல்லு. வர்றேன்” என்றவர், போனை வைக்கவில்லை. பிறகு மெதுவாக, “ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நீ? இங்கதானே இருந்தேன்” என்றார்.

கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. பஸ்ஸை வாங்கிவிட்டு வந்துதான் அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு கொழுப்பு இருந்திருக்கும்.

நான் திரும்பியபோது பெயின்ட்காரர் அடுத்த வீட்டில் இருந்தார். கைதட்டிய கூட்டம் அவர் பின்னாலேயே போயிருந்தது. அக்கா சந்துக்குள் நின்று அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் சிவப்பு ஒட்டியது, புடவையில் துடைத்தாள், அது போகவில்லை.

“மெஷினை உள்ள போட்டா அடுப்பை எங்க வைக்கிறது?” என்றாள். என்னிடம் கேட்டாளா தனக்குள் பேசிக்கொண்டாளா, தெரியவில்லை. “அவரை எங்க படுக்க வைக்கிறது?”

“அக்கா, அண்ணன் வர்றாரு. நாம விடமாட்டோம்க்கா. மனு எழுதி...”

“நீ எழுதாத.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது பேசுகிற அதே குரல்தான்.

டிரைவர் ஹாரன் அடித்தார். முன்னால் போக வழியில்லை, அப்படியே பின்னால் எடுத்துத் தெருமுனைக்குப் போகப் போகிறார். அக்காவின் வீட்டுக்காரர் இன்னும் முன் சீட்டில்தான் இருந்தார். இன்ஜின் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. மடியில் ஆஸ்பத்திரி ஃபைலை வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்துச் சீக்கிரம் ஏறு என்று கையாட்டினார். இன்று அவருக்கு டயாலிசிஸ் நாள்.

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு பெயின்ட் டப்பாவைப் பார்த்தாள்.

“நான் இந்த வாசலை விட்டு இன்னிக்கு நகர மாட்டேன். நீ கூடப் போ. மெயின் ரோட்டுல வேற பஸ் மாத்தணும், கையைப் பிடிச்சுக்கோ. ஊசி போடுறப்ப பாக்க மாட்டாரு, பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு.” இரண்டடி நடந்த என்னை நிறுத்தினாள். “அவருக்குச் சொல்லாத. திரும்பி வரட்டும். நானே சொல்றேன்.”

ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் உறுமிக்கொண்டு பின்னால் நகர ஆரம்பித்தது. நகர நகர, முன் கண்ணாடியில் தெரு முழுவதும் எங்களுக்கு எதிரே தெரிந்தது. வளைவில் நாலாவது வீட்டுச் சுவரில் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா மெஷினைத் தூக்க முடியாமல் வாசலுக்கு இழுத்து வந்து, படியின் மேல் நிறுத்தி, அதன் முன்னால் உட்கார்ந்தாள். மடியில் தைக்க வேண்டிய துணியையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“பாத்தியா, காத்து வாங்கிக்கிட்டுத் தைக்கிறா. நான் இல்லேன்னா எவ்வளவு ஜாலி அவளுக்கு!” என்று அவர் சிரித்தார். பிறகு என் கையை மெல்லத் தட்டினார்.

“ஏம்மா, நாளைலேர்ந்து தினமும் வருமில்ல?”

பஸ் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் அக்காவின் கால் மெஷினை மிதிக்கத் தொடங்கியிருந்தது.