கருப்பு மைதானத்துப் பெண்கள்

லும்ஃபோர்ஸ் விளையாட்டுச் சங்கத்துக்கு ஐம்பது வயதான அந்த ஜூன் ஞாயிற்றுக்கிழமை, தலைவர் யால்மர் மைக் முன்னால் நின்று சங்கத்தின் வரலாற்றை ஆதியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். இரும்பாலை ஊர் மொத்தமும் மைதானத்தைச் சுற்றி நின்றது. ஸ்டாக்ஹோமிலிருந்து முதல் டிவிஷன் அணி ஒன்று விழா ஆட்டத்துக்காக வந்து இறங்கியிருந்தது.

மைலிஸ் காபி மேஜைக்குப் பின்னால் ஏப்ரனோடு நின்றாள். அவள் சங்கத்தின் பெண்கள் கால்பந்து அணிக்குக் கேப்டன். விழா நாளில் காபி ஊற்றும் வேலையைப் பெண்கள் அணிக்குத்தான் கொடுத்திருந்தார்கள்.

யால்மர் ஒன்றையும் விடவில்லை. ஆலைத் தொழிலாளர்கள் கூடிச் சங்கம் வைத்தது, பனிச்சறுக்குப் பிரிவு, அப்புறம் கால்பந்து, அப்புறம் மல்யுத்தம். ஒலிம்பிக் வரைக்கும் போய் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விய மல்யுத்தக்காரர் ஒருவர். மாதர் உடற்பயிற்சிப் பிரிவுக்கு ஒரு வரி. வரைபடத்தைப் பார்த்துக் காட்டுக்குள் ஓடுகிற பிரிவில் இருந்ததே ஆறு பேர். அதில் இரண்டு தடவை வழிதவறி ஊரே தேடிப்போன ஆளின் பெயரையும் சொன்னார். கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே வாழ்ந்து செத்த போஜன் என்கிற நாயின் பெயரையும் சொன்னார்.

பக்கத்தில் ரொட்டிக்குள் சாசேஜ் வைத்துக் கடுகு தடவிக்கொண்டிருந்த கோல்கீப்பர் பெரிட், "நாய் வந்தாச்சு. அடுத்தது நாமதான்டீ" என்றாள்.

வரவில்லை. "இதுதான் நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டு!" என்று யால்மர் முடித்தார். ஊரே கை தட்டியது.

ஐந்து வருஷமாக இருக்கிற அணி. போன இலையுதிர் காலத்தில் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்த அணி. ஆண்கள் அந்த வருஷம் கீழ் டிவிஷனுக்குப் போகாமல் தப்பியதே பெரிய விஷயம். ஆனாலும் புல் போட்ட பச்சை மைதானம் அவர்களுக்குத்தான். பெண்களுக்கு வேலிக்கு அந்தப்பக்கம் கருப்பு மைதானம்: ஆலைக் கசடும் கரித்தூளும் கொட்டி உருளை ஓட்டி இறுக்கியது. விழுந்தால் தோல் போகும், உள்ளே போன கரி வெளியே வராது. புல்லில் ஒரு நாளாவது ஆட விடுங்கள் என்று கேட்கப் போனபோதெல்லாம் யால்மர், "புல் தாங்காதும்மா" என்று சிரித்தே அனுப்பியிருந்தார்.

மைலிஸ் ஆலையில் கிரேன் ஓட்டுகிறவள். கீழே ஆள் நடக்கையில் தலைக்கு மேலே பழுக்கக் காய்ந்த இரும்பைத் தொங்கவிட்டுக்கொண்டு கோபப்பட முடியாது. அதனால் அவள் பொறுமைசாலி என்று பெயர் வாங்கியிருந்தாள். இப்போது காபி ஜாடியை மேஜைமேல் வைத்த வேகத்தில் வெள்ளை விரிப்பு பூராவும் பழுப்பாகியது.

"வாங்கடீ."

"எங்க?"

"பச்சைக்கு."

யாரும் திட்டம் போடவில்லை. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் பெண்கள் அணி நடு வட்டம் வரை நடந்துபோய்ப் புல்லில் உட்கார்ந்தது. மைலிஸ் உள்ளங்கையைப் புல்லில் வைத்துப் பார்த்தாள். புல் என்ன மெத்தென்று இருக்கிறது என்று தோன்றியது. அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

யால்மர் ஒலிபெருக்கியில் குழைந்தார். "பெண்கள் அணி தயவுசெய்து காபி மேஜைக்குத் திரும்பவும். ஜனங்களுக்குத் தாகமா இருக்கு."

கூட்டம் சிரித்தது. பெண்கள் அசையவில்லை. யால்மர் மல்யுத்தப் பிரிவைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

மல்யுத்தப் பிரிவின் கனத்த ஆள் சிக்ஸ்டென், மைலிஸின் கணவன். நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் குனிந்தான்.

"மைலிஸ், எழுந்திரு. மானம் போகுது."

"யாரு மானம்?"

"வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல புல்லு இல்ல."

அவன் அவளை அப்படியே அள்ளி, மாவு மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டான். "இறக்கி விடு, சிக்ஸ்டென்" என்றாள். அவன் நடந்தான். விசில் பறந்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த மைலிஸ், அவன் இன்னொரு கையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்து ஆட்டுவதைக் கண்டாள். பந்தயத்தில் ஜெயித்தவன் ஆட்டுவதுபோல.

எல்லைக்கோட்டில் இறக்கிவிட்டான். அவள் கத்தவில்லை, அடிக்கவில்லை. அவன் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, திரும்பி நடுவட்டத்துக்கே நடந்துபோய் உட்கார்ந்தாள். அவனுக்கு இரண்டாவது தரம் போகக் கால் வரவில்லை.

மற்ற மல்யுத்தக்காரர்கள் பெரிட்டைச் சுற்றி நின்றார்கள். ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிறவள் அவள். "தொடு பாப்போம்" என்றாள். "காலையில ரொட்டிக்கு எங்கிட்டதான வரணும்? என்னத்த வச்சுத் தரேன்னு பாரு." ஒருத்தனும் தொடவில்லை.

யால்மருக்கு ஒரு யோசனை வந்தது. மாதர் உடற்பயிற்சிப் பிரிவினர் நீல உடையில் ஓரத்தில் வரிசையாகக் காத்திருந்தார்கள். அவர்கள் அணிவகுத்து வந்தால் இவர்கள் தானாக எழுந்துவிடுவார்கள். தலைவி ஆல்வாவிடம் ஓடினார். "நீங்க ஆரம்பிச்சிடுங்க ஆல்வா. இவங்களை ஓரமாத் தள்ளிடுங்க."

அறுபது வயது ஆல்வா குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வாத்தியம் முழங்க, நீல வரிசை இரண்டிரண்டாகப் புல்லில் இறங்கியது. நடுவட்டத்தை அடைந்ததும் ஆல்வா கையைத் தூக்கினாள். வரிசை நின்றது. கையை இறக்கினாள். வரிசை மொத்தமும் பெண்கள் அணியைச் சுற்றி உட்கார்ந்தது. வாத்தியக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ட்ரம்பெட் பாதியில் நின்றது.

"யால்மர்!" என்றாள் ஆல்வா. அந்த அமைதியில் அது மைதானம் முழுக்கக் கேட்டது. "இந்தப் புல்லைப் போட்ட வருஷம் மண்ணு சுமந்தது யாருன்னு நெனச்சீங்க? உங்க ஆலை ஆபீஸ்காரங்களா? நாங்க. அதையும்தான் நீங்க வாசிக்கல."

இதற்குள் ஸ்டாக்ஹோம் அணியின் பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ரயிலுக்கு நேரமாகுது. ஆட்டம் உண்டா, இல்லையா?"

"பக்கத்துலயே இன்னொரு மைதானம் இருக்கு" என்றார் யால்மர் அவசரமாக. "அங்க வச்சுக்கலாமா?"

பயிற்சியாளர் வேலியைத் தாண்டிப் போனார். ஷூவால் தரையை உதைத்துப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு திரும்பி வந்து, மைக் இருந்த மேஜையிலேயே கொட்டினார்.

"இதுலயா? கண்ணாடித்தூள் மாதிரி இருக்கு. என் பசங்க முட்டி என்னத்துக்கு ஆகும்? மனுஷன் ஆடுற இடமா இது?"

"இல்ல, இல்ல, நீங்க சொல்றது சரிதான்" என்றார் யால்மர். "இதுல யாரையும் ஆட விட முடியாது."

மைக் அணைக்கப்படாமலேயே இருந்தது. இரண்டு பேரும் சொன்னது ஊருக்கே கேட்டுவிட்டது.

மைலிஸ் எழுந்தாள். கால்சட்டையை முட்டிக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு கூட்டத்தை நோக்கி நடந்தாள். அணி முழுக்க அதையே செய்தது. முட்டிகள் பச்சை குத்தினதுபோல் கருநீலமாக இருந்தன. சிலதில் புதுப் புண் இன்னும் காயவில்லை. எல்லைக்கோட்டில் ஒரே வரிசையாக நின்றார்கள். சற்றுமுன் விசிலடித்தவர்கள் கையிலிருந்த சாசேஜைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் ஆலையில் இரும்புத் தகடு உருட்டும் பிரிவுக் கிழவர் ஒருவர் பின்னாலிருந்து கத்தினார்: "அட, அவங்களுக்குப் புல்லைக் குடுத்துத் தொலை, யால்மர்! நாங்க ஆட்டம் பாக்கணும்!"

ஆமாம், ஆமாம் என்று கூட்டம் இரைந்தது. நியாயத்துக்காக இல்லை, ஆட்டம் தாமதமாகிறது என்பதற்காக. மைலிஸுக்கு அது புரிந்தது.

யால்மர் மைக்கில் சொன்னார்: "இந்த வாரத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் பெண்கள் பச்சையில் ஆடலாம்."

"செவ்வாயும்" என்றாள் மைலிஸ்.

"செவ்வாயும்."

"மேட்ச் எல்லாமும்."

"எல்லாமும்."

"இப்ப வரலாற்றை வாசிங்க. நாய்க்கு அப்புறம் ஒண்ணு விட்டுப்போச்சு."

அவர் காகிதத்தைப் புரட்டினார், அங்கே எதுவும் இருக்காது என்று தெரிந்தும். பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு தணிந்த குரலில், "நீங்க எந்த வருஷம் ஆரம்பிச்சீங்க?" என்றார். அவள் சொன்னாள். "உங்க முழுப்பேரு?"

யால்மர் ஆலையில் இன்ஜினியர். அவர் ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் எதிரேதான் அவள் கிரேன் பன்னிரண்டு வருஷமாகப் போய்வருகிறது.

"மைலிஸ் ஓக்கர்லிண்ட்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "எழுதிக்கோ."

விழா ஆட்டத்தில் லும்ஃபோர்ஸ் ஆண்கள் ஆறு கோல் வாங்கினார்கள். காபி யாரும் ஊற்றவில்லை.

சிக்ஸ்டென் வீட்டில் சோபாவில் படுத்தான். முதலில், "விளையாட்டுக்குத்தான் தூக்கினேன்" என்றான். அப்புறம், "தலைவரு சொன்னாரே" என்றான்.

"தலைவரு தூக்குன்னு சொன்னாரு. நான் இறக்குன்னு சொன்னேன். உனக்கு யார் சொன்னது கேட்டுச்சு?"

அவன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். "கையை வேற ஆட்டின" என்றாள். அவன் தலை குனிந்தான். மன்னிப்பு கேட்டான், உண்மையாகவே கேட்டான், அது அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் மனசு இறங்கவில்லை. இறங்கும்போது இறங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆகஸ்டில் பெண்கள் பச்சையில் ஆடிய முதல் மேட்ச், பக்கத்து ஊரோடு. ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். கடைசி நிமிஷத்துப் பெனால்டியை மைலிஸ் கம்பத்துக்கு வெளியே அடித்துவிட்டாள். யால்மர் ஓரத்திலிருந்து எழுந்து வந்து, "பரவாயில்லம்மா, நல்லாவே ஆடினீங்க" என்றார்.

"நல்லா ஆடல" என்றாள் மைலிஸ். "சும்மா இருந்த பந்தை வெளியில அடிச்சிருக்கேன். தள்ளுங்க."

பெரிட்டைக் கோலுக்குள் போகச் சொல்லிவிட்டு, பந்தை எடுத்துப் பெனால்டிப் புள்ளியில் வைத்தாள்.

"இப்பவேவா?" என்றாள் பெரிட்.

"இப்பவேதான். நில்லு."

வேலியோரம் சைக்கிளோடு காத்திருந்த சிக்ஸ்டென், பந்து வலையைத் தாண்டிப் பறந்து வந்தபோதெல்லாம் ஓடி எடுத்துப் போட்டான். அவள் வாங்கிக்கொண்டாள், அவனைப் பார்க்காமலே. திரும்பவும் பந்தை வைத்து உதைத்தாள்.